செல்வமேரிக்கு ஓட்டு இல்லை

செல்வமேரியை நான் முதலில் பார்த்தபோது அவள் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் உடைத்துக் குவித்திருந்த ஜல்லியின்மேல் நான் செருப்புக் காலோடு ஏறி நின்றிருந்தேன்.

"டீச்சரம்மா, கீழ எறங்கிக்கினு பேசுங்க. மண்ணு கலந்துகீதுன்னு கணக்கப்பிள்ள தள்ளிருவான்," என்றாள்.

1965 ஜூன் மாதம் அது. எனக்கு இருபத்து நாலு வயது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் குரோம்பேட்டை வந்து, அங்கிருந்து திருநீர்மலைச் சாலையில் ஒன்றரை மைல் நடந்தால் கல்லுமேடு. குன்றின் ஒரு பக்கத்தைக் குடைந்து குவாரி. குவாரிக்கு இந்தப் பக்கம் குடிசை வரிசை, அதற்கும் இந்தப் பக்கம் நான் வேலை பார்த்த பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். பள்ளிக்கும் பாறைக்கும் நடுவே இரண்டு பர்லாங்குகூட இருக்காது.

அன்று நான் குவாரிக்குப் போனது சமூக சேவைக்காக என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் நல்ல மனசு. எண்பது பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் உண்டு. பதிவேட்டில் நாற்பத்தொன்பது பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆசிரியர் நான். தலைமை ஆசிரியர் எலியேசர் சார் என்னைக் கூப்பிட்டு, "சரோஜினி, குவாரியில முப்பது பிள்ளைங்களாவது சும்மா சுத்துது. பிடிச்சிட்டு வாங்க, இல்லைன்னா உங்களுக்கு டிரான்ஸ்பர்," என்றார். அதற்குத்தான் போனேன்.

பெண்கள் சம்மதித்தார்கள். மதியம் சாப்பாடு போடுகிறார்கள் என்றதும் பாதி சம்மதம் வந்துவிட்டது. சிக்கல் கையெழுத்தில்தான். பெற்றோர் பள்ளிக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். வந்தால் அரை நாள் கூலி போகும். "கைநாட்டு வெக்கறதுக்கு அரை நாளா, வேணாம் டீச்சர்," என்று ஒவ்வொருத்தியாகச் சம்மட்டியைத் திரும்ப எடுத்தாள். என் வேலை என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என்னை முறைத்தவள் ஒரு வழி சொன்னாள்.

"மேஸ்திரி அண்ணன்தான் எல்லாப் புள்ளைங்களுக்கும் ஞானத்தகப்பன். அவர் போட்டா ஆகாதா?"

சவுரிமுத்து மேஸ்திரியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தப் பெண் எந்த இடத்தில் உட்கார்ந்து உடைப்பது, நாளைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அவர் வாயில் இருந்தது. குடிசை வரிசையில் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் அவர். மாதா கோயிலில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் அவரையே ஞானத்தகப்பனாக நிறுத்துவார்கள். அது பக்தி மட்டும் இல்லை. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்ட மனுஷன் அதன் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்த யோசிப்பான் என்று அந்தப் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் அது வேலையும் செய்தது.

பதிவேட்டில் 'பெற்றோர் அல்லது காப்பாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஞானத்தகப்பன் காப்பாளர் ஆக மாட்டாரா என்ன? எலியேசர் சாருக்கு எண்பதுதான் வேண்டும். எனக்கு வேலை வேண்டும். மறுநாள் காலை சவுரிமுத்து தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பிள்ளைகளின் பெயரை எழுத எழுத அவர் கையெழுத்துப் போட்டார். முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு கையெழுத்து. பாதியில் கை வலிக்கிறது என்று டீ கேட்டார். இடையில் ஐந்தாறு இந்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஞானஸ்நானமே இல்லாத அவர்களுக்கும் ஞானத்தகப்பன் கையெழுத்துப் போட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். செல்வமேரி சொன்ன வழி எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று எனக்கு அவள்மேல் பிரியமே வந்துவிட்டது.

யோசனை அவளுடையது. பேனா என்னுடையது. இதை நான் மறந்ததில்லை.

செல்வமேரி பிறந்தது அந்தக் குவாரியின் குடிசையில்தான். ஏழு வயதில் கையில் சம்மட்டி. புருஷன் லாசரஸ் பாறையில் வெடிமருந்துக்குக் குழி போடுகிற ஆள். 1961-ல் வெடிக்காமல் நின்றுபோன ஒரு குழியைக் குத்திப் பார்க்கப்போய்ச் செத்தான். அப்போது அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். பிரசவம் பார்த்த நர்ஸின் பெயரை அப்படியே வைத்திருந்தார்கள், மெட்டில்டா என்று. வரிசையில் யார் வாயிலும் அது நுழையவில்லை, மெட்டி என்றார்கள். செல்வமேரி மட்டும் முழுசாகக் கூப்பிடுவாள். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வதைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும்.

பெண்ணைப் படிக்க வைத்து என்ன ஆக்கப் போகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். டாக்டர், டீச்சர் என்றெல்லாம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அத்தெல்லாம் தெரியாது டீச்சர். நெழல்ல ஒக்காரட்டும்," என்றாள்.

நிழல்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். ஓட்டுக்கூரை, சுவர், பலகை. அதன் கீழே தன் பெண் காலை முதல் மாலை வரை வெயில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பிலேயே அவள் ஒரு கூடை ஜல்லி அதிகம் உடைத்திருப்பாள். மெட்டில்டாவும் மோசமில்லை. கணக்கு வரும், கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. புதிதாகச் சேர்ந்த குவாரிப் பிள்ளைகளுக்கும் சவுரிமுத்துவே கையெழுத்துப் போட்டார். அது வழக்கமாகிவிட்டது. முப்பத்தொன்று முப்பத்தெட்டு ஆயிற்று.

1968-ல் குவாரியை ஜெயவேலு என்பவர் குத்தகைக்கு எடுத்தார். வெள்ளை வேட்டி, மென்மையான பேச்சு. வந்த மாதமே பள்ளிக்கு இரண்டு லாரி ஜல்லி இலவசமாகக் கொட்டி முற்றத்தைச் சமன் செய்து கொடுத்தார். எலியேசர் சார் அவருக்கு மாலை போட்டார். அதுவரை குவாரியில் வெடி வைப்பது மாலை ஐந்து மணிக்கு. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஜெயவேலுவுக்கு மதியத்துக்குள் லாரி கிளம்ப வேண்டும். வெடி காலை பத்தரைக்கு மாறியது.

பத்தரை மணி எங்களுக்கு இரண்டாவது பீரியட். குவாரியில் மூன்று விசில் ஊதுவார்கள். சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் சாலையை மறிப்பான். மூன்றாவது விசிலுக்குப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொள்வார்கள். பெஞ்சு இல்லாத சின்ன வகுப்புகள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு தலைமேல் சிலேட்டை வைத்துக்கொள்ளும். பிறகு தரை ஆடும். பிறகு கூரையில் கல் விழும், சில நாள் பொரியைப்போல், சில நாள் பெரிசாக. எல்லாம் அடங்கியதும் நாங்கள் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். எந்தக் கேவலத்துக்கும் மனுஷர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறோம். நானும் பழகினேன்.

அக்டோபரில் ஒரு நாள் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டு முஷ்டி அளவு கல் ஒன்று உள்ளே வந்தது. நாலாம் வகுப்பில் மெட்டில்டா தலைமேல் பிடித்திருந்த சிலேட்டில் விழுந்து சிலேட்டு இரண்டாயிற்று. அவளுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். சாயங்காலம் பாதிச் சிலேட்டை வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் செல்வமேரி வேலைக்குப் போகவில்லை. பாதிச் சிலேட்டை முந்தானையில் முடிந்துகொண்டு தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டாள். கைநாட்டுக்காக அரை நாள் கூலியைக்கூட விடாதவள், மூன்று நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நாள் தாசில்தார் சிலேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். நல்ல மனுஷனாகத்தான் இருந்திருக்க வேண்டும். "தனி ஆள் மனுவுல நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பள்ளிக்கூடத்துக்கு ஆலோசனைக் குழு தேர்ந்தெடுக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. அந்தக் குழு 'பள்ளி நேரத்துல வெடி கூடாது'ன்னு தீர்மானம் போட்டு அனுப்பட்டும், நேரத்தை நான் மாத்தறேன்," என்று சொல்லி அனுப்பினார்.

உத்தரவு எலியேசர் சார் மேஜையில் இரண்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குழுவில் ஐந்து பேர். தலைமை ஆசிரியர் தலைவர். பள்ளிக்கு நன்கொடை தந்தவர் ஒருவர், அது ஜெயவேலு. மீதி மூன்று பேரைப் பெற்றோர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விரலை மடக்கி எண்ணத் தெரிந்த யாருக்கும் விஷயம் புரியும். பெற்றோர் மூன்று பேரும் ஒரே பக்கம் நின்றால் வெடி நேரம் மாறும்.

"நான் நிக்கறேன் டீச்சர்," என்றாள் செல்வமேரி.

1969 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்தல் என்று குறித்தார்கள். அன்றே மனு, அன்றே ஓட்டு. இரண்டு வாரம் அவள் ஓட்டுக் கேட்டதை நான் பார்த்தேன். வேலை விட்டதும் தலைத்துணியை உதறிவிட்டு வீடு வீடாகப் போவாள். பாதிச் சிலேட்டைக் காட்டுவாள். "ஒன்னும் பேஜார் இல்லக்கா, வந்து கைய தூக்கு, அவ்ளோதான்," என்பாள். குவாரிப் பெண்கள் எல்லாரும் வருகிறேன் என்றார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த வைத்தீஸ்வரன், அவர் மகனும் எங்கள் பள்ளிதான், தானும் நிற்பதாகவும் தீர்மானத்தைத் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். தோல் பதனிடும் தொட்டியில் வேலை செய்த ஜெபராஜும் அந்தப் பக்கமே. மூன்று பேர் ஆயிற்று. எதிர்த்து நிற்க ஆள் இல்லை என்றே எல்லாரும் நினைத்தோம்.

சனிக்கிழமை மாலை எலியேசர் சார் என்னிடம் உத்தரவைக் கொடுத்து, "இதுல சொன்னபடி ஓட்டர் லிஸ்ட் எடுத்து எழுதிடுங்க," என்றார். படித்தேன். ஒரு மாணவருக்கு ஒரு ஓட்டு. நிற்கும் உரிமையும் ஓட்டுரிமையும் சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பெற்றோர் அல்லது காப்பாளருக்கு மட்டும்.

பதிவேட்டைத் திறந்தேன். என் கையெழுத்தில் பிள்ளைகளின் பெயர்கள். எதிரே, ஒன்றன் கீழ் ஒன்றாக, சவுரிமுத்து.

அப்போது நேரே குடிசை வரிசைக்குப் போய் செல்வமேரியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ராத்திரி கிடைத்திருக்கும். தாசில்தாரிடமோ, கோயில் சாமியாரிடமோ, சவுரிமுத்துவிடமோ அவள் போயிருப்பாள். எண்பத்து நாலு பிள்ளைகளின் பட்டியலை எழுதி முடித்து, அதில் முப்பத்தெட்டு முறை சவுரிமுத்து என்று எழுதி, பதிவேட்டை மூடிவிட்டு, நான் ஐந்து ஐம்பது வண்டியைப் பிடித்துத் தாம்பரம் போய்விட்டேன். பயம்தான், வேறு ஒன்றுமில்லை. இப்படிச் சேர்த்தது யார் என்று கேள்வி வந்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் கோயில் சேலையிலேயே வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். செல்வமேரி முன்னால் நின்றாள். சவுரிமுத்துவும் வந்திருந்தார், பக்கத்தில் ஜெயவேலுவின் கணக்கப்பிள்ளை. எலியேசர் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை வாசிக்கத் தொடங்கினார்.

குவாரிப் பிள்ளைகள் வந்ததும், "அம்மணி, காப்பாளர் சவுரிமுத்து. ஆரோக்கியம், காப்பாளர் சவுரிமுத்து," என்று போயிற்று. நாலாவது தடவை பெண்கள் சிரித்தார்கள். பத்தாவது தடவையில் சிரிப்பு நின்றுவிட்டது. சார் நிறுத்தாமல் முப்பத்தெட்டையும் வாசித்தார். "மெட்டில்டா, காப்பாளர் சவுரிமுத்து" என்பது இருபத்து மூன்றாவது.

"சார், மெட்டில்டா என் பொண்ணு," என்றாள் செல்வமேரி.

"தெரியும்மா. ஆனா ரிஜிஸ்தர்ல நீ இல்லையே. நிக்கவும் முடியாது, ஓட்டும் இல்ல."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அன்று ஏட்டில் இருந்த சுரைக்காய்தான் செல்லுபடியாயிற்று. பெற்று வளர்த்தவர்கள் வெளியே நின்றார்கள்.

பின்னாலிருந்து ஒருத்தி, "நீதானடி சொன்ன, மேஸ்திரியே போட்டுறட்டும்னு," என்றாள். எல்லாரும் செல்வமேரியைப் பார்த்தார்கள். செல்வமேரி என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான். நான் குனிந்து பட்டியலைச் சரிபார்ப்பதுபோல் இருந்தேன்.

அவள் சவுரிமுத்துவின் முன்னால் போய் நின்றாள். "அண்ணா, முப்பத்தெட்டு ஓட்டும் உன்கிட்ட கீது. எனுக்கு வேணாம். நீயே நில்லு. தீர்மானத்துக்கு மட்டும் கைய தூக்கு. நீ தண்ணி ஊத்தித் தூக்கின புள்ளைங்க இதுங்க."

சவுரிமுத்து கணக்கப்பிள்ளையைப் பார்க்காமலே, "பாக்கலாம் மேரி," என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது எவ்வளவோ லேசாக இருக்கும்.

வைத்தீஸ்வரன், ஜெபராஜ், சவுரிமுத்து மூவரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அடுத்த வாரமே குழு கூடியது. குறிப்பு எழுத நான் உட்கார்ந்திருந்தேன். வைத்தீஸ்வரன் தீர்மானத்தை வாசித்தார். அவரும் ஜெபராஜும் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்றபோது ஜெயவேலு கை தூக்கினார், பிறகு திரும்பிப் புன்னகையோடு சவுரிமுத்துவைப் பார்த்தார். சவுரிமுத்துவின் கை மெதுவாக மேலே போயிற்று. எலியேசர் சார், தான் தலைவர் என்பதால் நடுநிலை என்றார். இரண்டுக்கு இரண்டு. தீர்மானம் விழுந்தது. நான் அதையும் என் பேனாவால் எழுதினேன்.

வெளியே செல்வமேரி நின்றிருந்தாள். சவுரிமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளிடம் போய், "நான் தூக்கலன்னா நாளைக்கு நாப்பது பொம்பளைங்களுக்கு வேல இல்லன்னுட்டான் மேரி. நான் இன்னா செய்ய," என்றார்.

மறுநாளிலிருந்து மெட்டில்டா வகுப்புக்கு வரவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, வகுப்பைக் கொஞ்ச நேரம் எலியேசர் சாரிடம் விட்டுவிட்டு நான் குவாரிக்குப் போனேன். பெண் அம்மாவின் பக்கத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னச் சம்மட்டி. பத்து வயது.

"வேற பள்ளிக்கூடத்துலயாவது சேர்க்கலாம் மேரி. குரோம்பேட்டையில நான் சொல்லி வைக்கிறேன்," என்றேன்.

"டி.சி. வேணும்ல? காப்பாளர் வந்து கையெழுத்து போட்டாத்தான் தருவீங்க. அந்தாளு கையெழுத்து ஒருதபா வாங்கினது போதும் டீச்சர்."

நான் மேலே ஏதோ பேச வாயெடுத்தபோது விசில் ஊதியது. செல்வமேரி என் கையைப் பிடித்து இழுத்தாள். பாறை ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், முன்பக்கம் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, ஒரு பொந்து மாதிரி செய்திருந்தார்கள். குவாரி ஆட்கள் எல்லாரும் வெடி நேரத்தில் அதற்குள் போய்விட வேண்டும். அரசாங்க விதி, ஆள் செத்தால் ஜெயவேலுவின் குத்தகை போய்விடும். நாற்பது பெண்கள் முட்டியைக் கட்டிக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தோம். மெட்டில்டா அம்மாவின் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். செல்வமேரி இரண்டு கையாலும் அவள் காதைப் பொத்தினாள்.

வெடித்தது. எங்கள்மேல் ஒரு தூசிகூட விழவில்லை. கற்கள் எல்லாம் எங்கள் தலைக்கு மேலே போயின. கொஞ்ச நேரம் கழித்து, தூரத்தில், ஓடு உடையும் சத்தம் கேட்டது. என் வகுப்பின் ஓடு அது.

"பாத்தீங்களா டீச்சர்," என்றாள் செல்வமேரி. கோபம் இல்லை, எனக்கு விளக்குகிறாள். "பத்தரைக்கு எம் பொண்ணு எங்க இருந்தா பத்திரம்? நீங்களே சொல்லுங்க."

நான் எம்.ஏ. படிக்கவில்லை, ஆனால் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கல்வியின் பயன் பற்றி மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியவள். எழுந்து பள்ளிக்கு ஓடினேன், பிள்ளைகளை எண்ணிப் பார்க்க. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதம் கழித்து, 'நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கப்பட்டது' என்று மெட்டில்டாவின் பெயருக்கு எதிரே எழுதினேன். விதிப்படி தகவல் கடிதம் காப்பாளர் சவுரிமுத்துவுக்குப் போயிற்று.

அந்த வருஷம் ஜூனிலிருந்து நான் ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடிசை வரிசைக்கே போனேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவின் கைநாட்டை நானே மை தடவி வாங்கினேன். பதிவேட்டைப் பள்ளிக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாதுதான். 1972-ல் மறுபடி தேர்தல் வந்தது. பழைய பிள்ளைகளில் பாதிப் பேர் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள். கைநாட்டு வைத்த பெண்கள் இருபத்தாறு பேர் வரிசையில் நின்று தங்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். வைத்தீஸ்வரனும் ஜெபராஜும் மறுபடி வந்தார்கள். தீர்மானம் மூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறியது. வெடி நேரம் மறுபடி மாலை ஐந்துக்குப் போயிற்று. சொல்லப்போனால் செல்வமேரி கேட்டது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் நடந்தது.

ஓட்டு எண்ணும்போது அவள் பள்ளிக்கு வெளியே நின்றிருந்தாள். பள்ளியில் படிக்கும் பிள்ளை இல்லை, அதனால் அன்றும் அவளுக்கு ஓட்டு இல்லை. விஷயத்தைச் சொன்னேன். "நல்லாருக்கட்டும்," என்றாள். மெட்டில்டாவுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருந்தது. நாலாம் வகுப்புக்குத் திரும்பி வரும் வயது இல்லை. உடைக்கிற வேகத்தில் அவள் அம்மாவை மிஞ்சிவிட்டாள் என்று குவாரியில் பெருமையாகச் சொன்னார்கள்.

செல்வமேரிக்கு இருமல் அதற்கு முன்பே வந்துவிட்டது. கல் தூசி நெஞ்சில் தங்குவது அங்கே யாருக்கும் புதிதில்லை. 1975-ல் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். என் வீட்டிலிருந்து பக்கம்தான், ஆனால் நான் மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயது. கட்டிலில் ஒரு சின்னப் பெண் அளவுக்குத்தான் இடம் எடுத்திருந்தாள்.

அவள் பழைய கதை எதையும் எடுக்கவில்லை. மெட்டில்டா சமைக்கிற குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்று சிரித்தாள். நான் கிளம்பும்போது கேட்டாள்.

"டீச்சர், அந்த நோட்டு இன்னும் கீதா?"

"எந்த நோட்டு?"

"பேரு எழுதற நோட்டு. மெட்டில்டா பேருக்கு நேரா எம் பேரு எழுத முடியுமா? ஓட்டுக்கு இல்ல. சும்மா. அவளுக்கு ஆத்தா நான்தான்னு ஒரு எடத்துல இருக்கட்டும்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் இப்போது தெரிகிறது. அன்று எனக்குப் பத்து வருஷ சர்வீஸ், தலைமை ஆசிரியர் பதவிக்குப் பெயர் போயிருந்தது. "பழைய ரிஜிஸ்தரை அடிச்சு எழுதக் கூடாது மேரி. இன்ஸ்பெக்‌ஷன்ல பிடிச்சா என் வேலை போயிடும்," என்றேன். உண்மையைச் சொல்கிறேன் என்று ஒரு நிமிர்வுகூட இருந்திருக்கும் என் குரலில்.

"சரி டீச்சர். உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்," என்றாள்.

பதினோராம் நாள் அவள் செத்துப்போனாள். அடக்கத்தில் சவுரிமுத்து கிழவர் மாதிரி அழுதார். நான் மறுநாள் காலை எல்லாரும் வருவதற்கு முன் பள்ளிக்குப் போனேன். 1965-ஆம் வருஷப் பதிவேட்டை எடுத்தேன். மெட்டில்டாவின் வரிசையில் சவுரிமுத்து என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'தாய் செல்வமேரி' என்று எழுதினேன். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் பிடித்தார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் நின்றது. வேலை போகவில்லை. அவ்வளவுக்குத்தான் நான் பயந்திருக்கிறேன்.

மெட்டில்டாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்தேன், அவள் மனசோ என் மனசோ. குவாரிக்குப் போனேன். இந்தத் தடவை ஜல்லியில் மிதிக்காமல் ஓரமாக நின்றேன். அம்மாவின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியும் அம்மாவுடையது. சானடோரியத்தில் அம்மா கேட்டாள், அன்று முடியாது என்றேன், இப்போது எழுதிவிட்டேன், உன் பெயருக்கு நேரே அம்மா பெயர் இருக்கிறது, இனி யாரும் மாற்ற முடியாது என்றேன்.

அவள் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை.

"அம்மாக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்," என்றாள். "எழுதிட்டேன்னு நீங்க அன்னிக்கு சும்மானா சொல்லியிருந்தாக்கூட அது நம்பிக்கினு போயிருக்கும்."

பிறகு அடுத்த கல்லை எடுத்து வைத்து உடைக்கத் தொடங்கினாள்.